யதார்த்த ஓவியம் நாடகமாகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யதார்த்த ஓவியர் என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறோம்?

புராணத்தையும் அரசவையையும் ஒதுக்கிவிட்டு, தம் காலத்து மனிதர்களை அவர்கள் உழைக்கும் இடத்திலும் உண்ணும் இடத்திலும் கடன்பட்டு நிற்கும் இடத்திலும் வைத்துத் தீட்டியவர்களைக் குறிப்பிடுகிறோம். பிரான்சின் குஸ்தாவ் கூர்பே 1855-ல் பாரிஸில் தனியாக நடத்திய கண்காட்சிக்கு யதார்த்தவாதத்தின் பெயரையே சூட்டினார். பெயர் நிலைபெறும் முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த டேவிட் வில்கி (1785–1841) அவர்களில் ஒருவர். அச்சு அசலாக வரையும் திறமை மட்டும் இங்கே அளவுகோல் அல்ல.

ஓர் ஓவியத்திலிருந்தே நேரடியாக ஒரு நாடகம் பிறந்ததற்கு உறுதியான சான்று உண்டா?

உண்டு. 1832 ஜனவரி 25 அன்று லண்டனின் டிரூரி லேன் அரங்கில் டக்ளஸ் ஜெரால்ட் எழுதிய ‘குத்தகை நாள்’ என்ற நாடகம் அரங்கேறியது. அந்தத் தலைப்பு, வில்கி 1807-ல் தீட்டிய ஓவியத்தின் தலைப்பு. திரை உயரும்போது நடிகர்களும் பொருள்களும் வில்கியின் ஓவியத்தைப் போலவே அமைந்திருக்க வேண்டும் என்பதுதான் நாடகப் பிரதியின் முதல் மேடைக் குறிப்பு.

அந்த ஓவியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. பண்ணையின் குத்தகைதாரர்கள் ஓர் அறையில் கூடியிருக்கிறார்கள். காரியஸ்தர் மேசையருகே கணக்கோடு உட்கார்ந்திருக்கிறார். முதியவர் ஒருவர் கணக்கில் ஏதோ தவறு என்பது போல விரலை நீட்டி வாதிடுகிறார். பணம் கட்டி முடித்தவர்கள் வேறொரு மேசையில் சாப்பிடுகிறார்கள். முன்பக்கம் ஓர் இளம் விதவை, மடியில் குழந்தையோடு, தன் முறைக்காகக் காத்திருக்கிறாள். குழந்தை வீட்டுச் சாவியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சாவி இன்னும் எத்தனை நாள் அவர்களிடம் இருக்கும் என்பதை வில்கி எங்கும் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது.

ஜெரால்ட் அந்தக் கேள்வியைத்தான் பற்றிக்கொண்டார். ஓவியத்தில் இல்லாத பண்ணையாரை அவர் கதைக்குள் இழுத்து வந்தார்: வெளியூரில் சீட்டிலும் பகடையிலும் பணத்தைத் தொலைத்துவிட்டு, எப்பாடு பட்டாவது உடனே ஐந்நூறு பவுண்டு அனுப்பும்படி காரியஸ்தருக்குக் கடிதம் எழுதும் பண்ணையார் அவர். ஓவியத்தின் அறை இப்போது வேறொரு பொருள் கொள்கிறது. அங்கே மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு காசும் எந்தச் சூதாட்ட மேசைக்குப் போகிறது என்பது பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

முதல் அங்கத்தின் முடிவில் வில்கியின் இன்னொரு ஓவியம் மேடையில் எழுகிறது. அது 1815-ல் தீட்டப்பட்ட ‘குத்தகை பாக்கிக்கு ஜப்தி’. குடும்பத் தலைவன் மேசையருகே தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான், மனைவி மயங்கிச் சாய்கிறாள், அக்கம்பக்கத்தார் ஜப்தி செய்ய வந்தவர்களோடு சண்டை பிடிக்கிறார்கள், அந்தச் சந்தடியிலும் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒருவன் பொருள்களைப் பட்டியல் எடுக்கிறான். நாடகத்தில் புல்ஃபிராக் என்ற பாத்திரம் போய் அந்தக் கட்டிலில் உட்காரும் கணத்தில் ஓவியம் முழுமையடைகிறது. அதோடு திரை விழுகிறது. எட்டு ஆண்டு இடைவெளியில் தீட்டிய இரண்டு ஓவியங்களுக்கும் நடுவே என்ன நடந்திருக்கும் என்ற ஊகமே அந்த அங்கம் முழுவதும்.

நடிகர்கள் அசையாமல் நின்று ஓவியம் போலக் காட்சி தருவது வெறும் வித்தைதானே?

தனியாக நின்றால் வித்தைதான். பணக்காரர் வீட்டு விருந்துகளில் பிரபலமான ஓவியங்களைப் போல உடையணிந்து அசையாமல் நிற்பது அக்காலத்தில் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. ஜெரால்டின் நாடகத்தில் அது வித்தையைத் தாண்டியதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

வில்கியின் ஓவியங்கள் ஆபிரகாம் ரெய்ம்பாக் செதுக்கிய அச்சுப் படங்களாகப் பரவலாக விற்பனையானவை. ஆகவே, மூல ஓவியத்தை ஒருபோதும் பார்த்திராதவர்களுக்கும் அந்தக் காட்சி பழக்கமானது. சுவரில் தொங்கும் படத்திலிருந்த மனிதர்கள் திடீரென்று மூச்சு விட்டு, இருமி, பேசத் தொடங்குவதில் ஓர் அதிர்ச்சி இருந்தது. காலமும் துணை செய்தது. 1830-லும் அதற்கடுத்த ஆண்டிலும் இங்கிலாந்தின் தென் மாவட்டங்களில் விவசாயக் கூலிகள் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்திருந்தார்கள். நாடாளுமன்றச் சீர்திருத்தம் பற்றிய வாக்குவாதம் 1832 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தது. கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் ஓவியம் அந்த ஜனவரியில் அன்றைய செய்தியைப் போல ஒலித்திருக்கும்.

மூன்றாவது காரணம் நாடக உத்தி சார்ந்தது. உறைந்த காட்சியை அங்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே ஜெரால்ட் பயன்படுத்தினார். நடுவில் நிறுத்தியிருந்தால் கதை மூச்சடைத்துப் போயிருக்கும்.

ஆனால் நாடகத்தின் முடிவைப் பாராட்ட முடியவில்லை. பூர்வீக நாற்காலி ஒன்று உடைகிறது, உள்ளே மறைத்து வைத்திருந்த பணம் கொட்டுகிறது, குடும்பம் தப்பிக்கிறது. ஓவியர் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு நாடகாசிரியர் புதையலைப் பதிலாகக் கொடுத்துவிட்டார். யதார்த்த ஓவியத்தை மேடையேற்றுபவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: தொடக்கம் ஓவியருடையதாகவும் முடிவு வழக்கமான மெலோடிராமாவாகவும் அமைந்துவிடுகிறது.

அப்படியானால் ஓவியத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது?

தோற்றத்தை எடுப்பது எளிது. அதில் கிடைப்பது குறைவு. ஓவியர் எடுத்த முடிவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணத்தைத் தேர்ந்தார், யாரை உட்கார வைத்தார், யாரை நிற்க வைத்தார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவரைச் சட்டகத்துக்கு வெளியே விட்டார் என்பவையே அந்த முடிவுகள். ‘குத்தகை நாள்’ ஓவியத்தில் பண்ணையார் இல்லாததுதான் முழு நாடகத்துக்கும் விதை.

வில்கி வேலை செய்த முறையே பாதி அரங்க வேலை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்குள் சிறு களிமண் உருவங்களை நிறுத்தி, ஒரு பக்கத்துத் திறப்பின் வழியே வெளிச்சம் விழச் செய்து, நிழல் எங்கே படிகிறது என்று பார்த்து அதன்பின் வரைவது அவர் வழக்கம். இன்றைய அரங்க வடிவமைப்பாளர் அட்டையில் செய்யும் செட் மாதிரியிலிருந்து அது அதிகம் வேறுபட்டதில்லை.

ஓவியத்தில் உள்ளதை எல்லாம் அசல் பொருள்களாலேயே மேடையில் அமைத்தால் யதார்த்தம் அதிகமாகாதா?

ஆகாது என்பதற்கு ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் சொன்ன பதிலைவிடக் கூர்மையான ஒன்று கிடைப்பது அரிது. 1898 செப்டம்பரில் மாஸ்கோ கலை அரங்கில் அவருடைய ‘கடற்பறவை’ நாடகத்துக்கு ஒத்திகை நடந்தபோது, மேடைக்குப் பின்னால் தவளைகள் கத்தும், தும்பிகள் ரீங்கரிக்கும், நாய்கள் குரைக்கும் என்று நடிகர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். எதற்காக என்று செகாவ் கேட்டார். அதுதான் யதார்த்தம் என்று பதில் வந்தது. யதார்த்த ஓவியர் இவான் கிராம்ஸ்கோய் தீட்டிய ஓர் ஓவியத்தில் முகங்கள் அற்புதமாக அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒரு முகத்தின் மூக்கை வெட்டியெடுத்துவிட்டு அங்கே உயிருள்ள மூக்கைப் பொருத்தினால் மூக்கு அசலாகத்தான் இருக்கும், ஓவியம் பாழாகிவிடும் என்ற கருத்துப்பட செகாவ் பதிலளித்தார். அந்தத் தயாரிப்பில் திரெப்லெவ் பாத்திரத்தில் நடித்த மெயர்ஹோல்ட் இதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பிற்காலத்தில் மேடை யதார்த்தத்தை உடைத்தெறிந்த நெறியாளராக அதே மெயர்ஹோல்ட் பெயர்பெற்றது தற்செயல் என்று தோன்றவில்லை.

பாரிஸில் நெறியாளர் ஆந்த்ரே அந்த்வான் 1888-ல் கசாப்புக்கடையைக் காட்டும் நாடகத்துக்கு உண்மையான மாட்டிறைச்சித் துண்டங்களை மேடையில் தொங்கவிட்டார். அந்த நாடகத்தின் கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்று அரிது. இறைச்சியை மட்டும் எல்லா அரங்க வரலாற்று நூல்களும் நினைவில் வைத்திருக்கின்றன.

ஓவியத்தின் சமநிலையை மேடையில் எப்படிக் கொண்டுவருவது?

மேடையின் நடுவைக் காலியாக விடப் பழகுவதே முதல் படி. ஜெர்மனியின் மைனிங்கன் என்ற சிறு அரசின் மன்னர் இரண்டாம் கேயோர்க் ஓவியம் கற்றவர். தம் அரங்கக் குழுவுக்கு அவரே காட்சிகளை வரைந்து கொடுத்தார். காட்சியின் மையம் மேடையின் மையமாக இருக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான விதிகளில் ஒன்று. கூட்டத்தில் நிற்பவர்களின் தலைகள் ஒரே உயரத்தில் அமையக் கூடாது. பக்கத்தில் நிற்பவரின் பாவனையை இன்னொருவர் அப்படியே பின்பற்றக் கூடாது. தேவைப்பட்டால் ஒருவர் மண்டியிட வேண்டும், இன்னொருவர் படியில் ஏற வேண்டும். நட்சத்திர நடிகர் நட்ட நடுவில் நிற்க மற்றவர்கள் அரைவட்டமாக அணிவகுத்த காலத்தில் இது பெரிய மாற்றம். 1874-ல் பெர்லினில் தொடங்கி 1890 வரை இந்தக் குழு ஐரோப்பா எங்கும் பயணம் செய்தது. மாஸ்கோவில் ரஷ்ய நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் இவர்களுடைய நாடகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

நெறியாளர்களுக்குச் செய்முறையாக ஒன்று சொல்லலாம். தேர்ந்தெடுத்த ஓவியத்தின் அச்சுப் பிரதியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். முகங்களும் கதையும் மறைந்து, கனமான இடங்களும் காலியான இடங்களும் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதுதான் மேடையின் தரைப்படம்.

ஓவியத்தின் வெளிச்சத்தை விளக்குகளால் உருவாக்க முடியுமா?

திசையை உருவாக்கலாம். நிறத்தை ஓரளவுக்குத் தொடலாம். தூரிகைத் தடம் மட்டும் வராது.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் (1882–1967) இந்தப் பாடத்துக்கு மிகவும் உதவுவார். 1942-ல் அவர் தீட்டிய ‘இரவுப் பறவைகள்’ ஓவியத்தில், நள்ளிரவு உணவகம் ஒன்றில் மூன்று வாடிக்கையாளர்களும் ஒரு பணியாளரும் இருக்கிறார்கள். தெருவில் விளக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. உணவகத்தின் கண்ணாடி வழியே கசியும் வெளிச்சமே நடைபாதையில் விழுகிறது. தெருவிலிருந்து உள்ளே போகக் கதவு எங்கும் வரையப்படவில்லை. இதை மேடையேற்ற விரும்பும் ஒளியமைப்பாளர் முதலில் செய்ய வேண்டியது, முன்பக்க விளக்குகளை அணைப்பது. முன்னாலிருந்து ஒரே சீராக வெளிச்சம் பாய்ச்சினால் முகங்கள் தெளிவாகத் தெரியும், ஹாப்பர் காணாமல் போய்விடுவார். நடிகரின் முகத்தில் பாதி இருளில் இருந்தால் பார்வையாளர்களுக்கு வசனம் கேட்காது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. முதல் சில நிமிடங்களில் கண் பழகிவிட்டால் காதும் பழகிவிடும். அதுவரை பொறுத்திருக்க நெறியாளருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

நடிகர்கள் ஓவியத்தை எப்படிப் பயன்படுத்தலாம்?

ரஷ்ய ஓவியர் இல்யா ரேபின் 1870-க்கும் 1873-க்கும் இடையே தீட்டிய ‘வோல்கா படகிழுப்போர்’ ஓவியத்தை ஒத்திகைக் கூடத்தில் ஒட்டி வைத்துத் தொடங்கலாம். பதினொரு பேர் மார்பில் குறுக்கே பட்டையை மாட்டிக்கொண்டு கரையோடு படகை இழுக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் எவரும் ஒரே மாதிரி செய்யவில்லை. முன்னால் இழுக்கும் கானின் ஒரு காலத்தில் பாதிரியாராக இருந்தவர். வோல்கா கரையில் அவரைக் கண்டு ரேபின் வியந்து வரைந்தார். ஒருவன் நேராக நம்மை முறைக்கிறான். ஒருவன் உடம்பை அதிகம் வளைக்காமல் வாயில் சுங்கானோடு நடக்கிறான். அவன் பட்டையில் எவ்வளவு இழுவிசை இருக்கும் என்பது சந்தேகத்துக்குரியது. நடுவில் நிற்கும் இளைஞன் பழுப்பும் சாம்பலுமான அந்தக் கூட்டத்தில் வெளிர்நிறத்தில் பளிச்சென்று தெரிகிறான். உடலை நிமிர்த்திப் பட்டையைக் கையால் பிடித்துத் தளர்த்தப் பார்க்கிறான். கடைசி ஆள் தலையைத் தொங்கப்போட்டு விழாத குறையாக வருகிறான்.

நடிகர்களுக்கு ஒரு வடம் கொடுங்கள், மறுமுனையை உண்மையான பாரத்தில் கட்டுங்கள். ஓவியத்தில் உள்ள தோரணையை முதலில் அப்படியே எடுக்கச் சொல்லாமல், பாரத்தை இழுக்கச் சொல்லி, சோர்ந்த பிறகு எந்தத் தோரணை தானாக வருகிறது என்று பாருங்கள். அதன்பின் ஓவியத்தோடு ஒப்பிடுங்கள். யார் முழு மூச்சாக இழுக்கிறார், யார் இழுப்பது போலக் காட்டுகிறார் என்று குழுவுக்குள்ளேயே பேச்சு எழும். பாத்திரங்களின் வரலாறு அந்தப் பேச்சிலிருந்து பிறக்கும். நேராகத் தோரணையில் தொடங்கினால் மெழுகுப் பொம்மைகள்தான் கிடைக்கும்.

நாடகம் ஓவியருக்குத் திருப்பிக் கொடுத்தது உண்டா?

நிறைய உண்டு. 1844-ல் சிலேசியாவில் நடந்த நெசவாளர் எழுச்சியை வைத்து ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹவுப்ட்மான் எழுதிய ‘நெசவாளர்கள்’ நாடகம், 1893 பிப்ரவரியில் பெர்லினில் ஒரு நாடகச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கான தனிக்காட்சியாக மேடையேறியது. இருபத்தைந்து வயது ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் அதைப் பார்த்தார். கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு ‘நெசவாளர் கிளர்ச்சி’ என்ற ஆறு அச்சுப் படங்களின் வரிசையில் இறங்கி, 1897 வரை அதில் மூழ்கியிருந்தார். அவர் நாடகத்தின் காட்சிகளை வரையவில்லை. வறுமை, சாவு, சதியாலோசனை, ஊர்வலம், தாக்குதல், முடிவு என்று தமக்கான வரிசையை அமைத்துக்கொண்டார். 1898-ல் அது பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். இன்று ‘நெசவாளர்கள்’ நாடகத்தை எடுக்கும் எந்தக் குழுவும் கோல்விட்ஸின் படங்களைப் பார்க்காமல் ஒத்திகையைத் தொடங்குவது அரிது. மேடையிலிருந்து காகிதத்துக்குப் போனது மறுபடி மேடைக்கே வந்து சேர்கிறது.

ஹாப்பரும் விடாமல் நாடகம் பார்த்தவர். அவர் மனைவி ஜோசபின் நியூயார்க்கின் சிறு நாடகக் குழுவொன்றில் நடித்தவர். எல்மர் ரைஸின் ‘தெருக் காட்சி’ 1929 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியபோது, அரங்க வடிவமைப்பாளர் ஜோ மீல்சினர் ஒரு குடியிருப்பின் முகப்பை முழு மேடைக்கும் எழுப்பியிருந்தார். அடுத்த ஆண்டு ஹாப்பர் தீட்டிய ‘ஞாயிறு அதிகாலை’ ஓவியத்தின் நீண்ட கட்டட முகப்பில் அந்த செட்டின் சாயலைக் காணும் ஆய்வாளர்கள் உண்டு. மேல்மாடி சன்னலொன்றில் ஓர் உருவத்தை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு ஹாப்பர் அழித்துவிட்டார். நடிகர் இன்னும் நுழையாத மேடை என்று அந்த ஓவியத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ் மேடைக்கு இதில் தொடர்பு உண்டா?

வேறொரு வழியில் உண்டு. ரவி வர்மா (1848–1906) எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் புராணக் கதைகள். அதனால் மேலே சொன்ன பொருளில் அவர் யதார்த்த ஓவியர் ஆகமாட்டார். ஆனால் தைலவண்ணத்தில் ஒளி, நிழல், தொலைவு ஆகியவற்றைக் கையாண்ட அவருடைய முறையும், அவர் அச்சகத்திலிருந்து வெளிவந்த படங்களும் நாடகக் கம்பெனிகளின் உடை, படுதா, பாவனை வரைக்கும் ஊடுருவின. கோவில்பட்டியில் நிலைத்து நாட்காட்டிப் படங்களால் புகழ்பெற்ற கொண்டையராஜு, அதற்கு முன் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். அரண்மனைப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா என்று தொங்கிய அந்தத் துணிகளைத் தனியாக ஆராய்ந்து எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

செலவு அதிகமாகுமே?

அவசியமில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பக்கவாட்டில் ஒரு விளக்கு இருந்தால் ‘குத்தகை நாள்’ ஓவியத்தின் சாரத்தை ஒரு பள்ளிக்கூட அறையிலும் காட்டலாம். உடைக்குத்தான் கவனம் தேவை. புதிதாகத் தைத்த கிழிசல் உடை எந்த வெளிச்சத்திலும் காட்டிக்கொடுத்துவிடும். நடிகர்கள் ஒத்திகை முழுவதும் அதையே உடுத்திப் பழையதாக்கினால் நல்லது.

பார்வையாளர்களுக்கு ஓவியம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 1832-ல் தெரிந்திருந்தது ஒரு கூடுதல் வசதி. நுழைவாயிலில் ஓவியத்தின் பிரதியை மாட்டி வைக்கும் குழுக்கள், நாடகத்துக்கு முன்பு மாட்டாமல் வெளியேறும் வழியில் மாட்டுவது மேல் என்பது என் கருத்து. முன்பே பார்த்துவிட்டு வந்தவர்கள் மேடையை ஓவியத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவார்கள்.

பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஆகவே வில்கி, 1930-ல் மறைந்த ரேபின், 1945-ல் மறைந்த கோல்விட்ஸ் ஆகியோரின் படைப்புகளை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். 1967-ல் மறைந்த ஹாப்பரின் ஓவியத்தை மேடையில் அப்படியே எழுப்புவதாகவோ சுவரொட்டியில் அச்சிடுவதாகவோ இருந்தால், உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது பாதுகாப்பானது. அருங்காட்சியகங்கள் தரும் புகைப்படங்களுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கக்கூடும் என்பதால், சுவரொட்டிக்குப் படம் எடுக்கும் முன் அதையும் படித்துப் பார்க்க வேண்டும்.